கவரில் போடும் முன் எழுதிவிடுங்கள்: லைக்கன் சேகரிப்பு கேள்வி–பதில்

மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பல், பச்சை, மஞ்சள் நிறங்களில் ஒட்டி வளரும் லைக்கன்களைச் சேகரிப்பது பற்றி வந்த கடிதங்களில், களத்தில் எடுப்பது, குறிப்பு எழுதுவது, பாதுகாப்பது ஆகியவை தொடர்பான கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

மரத்தில் பச்சையாகவும் ஆரஞ்சு நிறத்திலும் படர்ந்திருப்பவை எல்லாம் லைக்கன்தானா? பார்த்ததும் பிரித்தறிய முடியுமா?
– கல்லூரி மாணவி, ஏற்காடு

இல்லை. மலையூர்களில் சுவர்களிலும் மரங்களிலும் வெல்வெட் துணி போல ஆரஞ்சு நிறத்தில் படர்ந்திருப்பது பெரும்பாலும் ட்ரென்டிபோலியா என்ற தனிப் பாசி. விரலால் தேய்த்தால் ஆரஞ்சுப் பொடியாக வந்துவிடும், அடியில் உடல் என்று எதுவும் இருக்காது. பச்சை மெத்தை போல இருந்து, உற்றுப் பார்த்தால் குட்டித் தண்டும் இலையும் தெரிந்தால் அது பாசம், அதாவது மாஸ்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து கட்டிய உடல். பிளேடால் மேல்தோலை இலேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் மெல்லிய பச்சை அடுக்கும், அதற்குக் கீழே பஞ்சு போன்ற வெள்ளைப் பகுதியும் தெரிந்தால் அது லைக்கன். இன்னொரு அடையாளம், காய்ந்திருக்கும்போது சாம்பலாக இருப்பது தண்ணீர் தெளித்த ஒரு நிமிடத்தில் பச்சையாக மாறும். தோல் நனைந்து ஒளி ஊடுருவுவதால் உள்ளே இருக்கும் பாசி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

விதிவிலக்குகள் உண்டு. லெப்டோஜியம் போன்றவற்றில் பச்சைப் பாசிக்குப் பதில் நீலப்பசும்பாசி இருக்கும். காய்ந்தால் கறுத்த காகிதம் போலவும் நனைந்தால் ஊறிய ஜெல்லி போலவும் தோன்றும். கிரைசோத்ரிக்ஸ் கேண்டலாரிஸ் வெறும் மஞ்சள்தூள் கொட்டியது போல மரப்பட்டை இடுக்கில் இருக்கும். தோலே கிடையாது, ஆனாலும் அது லைக்கன்தான்.

இவற்றைப் பார்க்க 10 மடங்கு கைலென்ஸ் போதும். லென்ஸைப் பொருளின் மேல் வைத்துவிட்டு எட்ட நின்று பார்ப்பவர்களே அதிகம். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பொருளை 2.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத்தான் மரத்தருகே கொண்டுபோக வேண்டும். வழியில் யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?
– வாசகர், கூடலூர்

தனியாகக் கடை தேட வேண்டியதில்லை. கைலென்ஸ், உறுதியான கத்தி, 2 செ.மீ. அகல இரும்பு உளி, ஒரு கிலோ சுத்தியல், பாதுகாப்புக் கண்ணாடி, கிளை வெட்டும் கத்தரி, தண்ணீர் தெளிக்கும் குப்பி, பழுப்புக் காகிதக் கவர்கள் ஐம்பது, பழைய செய்தித்தாள், டிஷ்யூ காகிதம், 15 செ.மீ. அளவுகோல், குறிப்பேடு, பென்சில் இரண்டு. ஜிபிஎஸ்ஸுக்குக் கைபேசி போதும்.

பென்சில்தான் வேண்டும். ஜெல் பேனா மையில் ஒரு சொட்டு மழை விழுந்தால் எண் போய்விடும். எண் போன கவரில் இருக்கும் லைக்கனால் யாருக்கும் பயனில்லை.

மரப்பட்டையிலிருந்து பெயர்க்கும்போது தூள்தூளாகிவிடுகிறது. பாறையில் ஒட்டியிருப்பது அசையவே மாட்டேன் என்கிறது. சரியான முறை என்ன?
– தாவரவியல் ஆசிரியர், திண்டுக்கல்

எந்த வகை என்பதைப் பொறுத்து முறை மாறும். இலை வகை, புதர் வகை, ஒட்டு வகை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இலை வகை விளிம்பு தூக்கிய இலை போல இருக்கும். காய்ந்த நிலையில் தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். முதலில் தண்ணீர் தெளித்து மூன்று, நான்கு நிமிடம் விட்டால் தோல் போல வளையத் தொடங்கும். பிறகு கத்தியைப் பட்டைக்கு இணையாக நுழைத்து அடியோடு தூக்குங்கள். அடிப்பக்கத்து வேரிழைகள் இனங்காண மிகவும் தேவை. அவை பட்டையிலேயே தங்கிவிட்டால் பாதி அடையாளம் போயிற்று. நடுப்பகுதியை மட்டும் எடுத்துவராதீர்கள். விளிம்பு மடல்கள், மேற்பரப்பில் கிண்ணம் போன்ற கனியுடல் இருந்தால் அது, மாவுத்தூள் படிந்த இடம், மூன்றும் ஒரே துண்டில் வருமாறு வெட்டுங்கள்.

தாடி போலத் தொங்கும் உஸ்னியா போன்ற புதர் வகைகளில் பிடிப்பு அடி அவசியம். அந்த அடி கறுப்பா வெளிறியதா என்பதே பல இனங்களைப் பிரிக்கும். நுனியை மட்டும் கிள்ளி எடுக்காமல், ஒட்டியிருக்கும் சிறு பட்டைத் துண்டோடு எடுங்கள். சுள்ளியில் இருந்தால் சுள்ளியையே கத்தரியுங்கள்.

ஒட்டு வகைதான் கைவேலை கேட்பது. பெயின்ட் அடித்தது போல ஒட்டியிருப்பதால் அதை மட்டும் தனியாக எடுக்கவே முடியாது, எடுக்கவும் கூடாது. மரமென்றால் பட்டையின் வெளிப்புறத் தக்கைப் பகுதியோடு 2 முதல் 3 மி.மீ. ஆழத்துக்கு மெல்லிய சீவலாக எடுங்கள். ஈரமான, வெளிறிய உள்பட்டை தெரிந்துவிட்டால் ஆழம் அதிகம் என்று பொருள். மரத்துக்குக் காயம், அதன் வழியே நோய் புகும். பலா போலப் பால் வடியும் மரங்களில் இன்னும் கவனம் தேவை, பால் பட்டால் மாதிரியும் கெடும். யூகலிப்டஸில் தானாக உரியும் பட்டையைத் தேடிப் பயனில்லை. வருடந்தோறும் உதிர்வதில் பெரும்பாலும் ஒன்றும் நிலைப்பதில்லை.

பாறையில் நடுவில் உளி வைத்தால் தூள்தான் மிஞ்சும். பாறையின் விளிம்பையோ ஏற்கெனவே இருக்கும் விரிசலையோ தேடுங்கள். லைக்கனின் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, உளியைச் சாய்த்து, சிறு சிறு அடியாகப் போடுங்கள். ஒரே அடியில் ஓங்கிப் போட்டால் சில்லு எகிறிப் புதருக்குள் போய்விடும். இன்னொரு கையை மறைப்பாக வைத்துக்கொள்ளலாம், அல்லது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கல்லில் உளி வைக்காதீர்கள். நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளில் நிறைய இருக்கும் சார்னோகைட் பாறை கடினமானது. (பல்லாவரம், பரங்கிமலைக் கல்லும் இதுதான்.) அதில் அரை மணி நேரம் போராடுவதைவிட, அடியில் உதிர்ந்து கிடக்கும் கல்லில் அதே லைக்கன் இருக்கிறதா என்று தேடுவது புத்திசாலித்தனம்.

மண்மேல் வளர்வதை 1 செ.மீ. மண்ணோடு கத்தியால் அகழ்ந்து, டிஷ்யூவில் பொதிந்து, தீப்பெட்டியிலோ சிறு அட்டைப் பெட்டியிலோ வையுங்கள். காய்ந்தால் மண் உதிரும். ஆகவே வீடு வந்ததும், தண்ணீர் கலந்து நீர்க்க வைத்த வெள்ளைப் பசையை அடிப்பக்கத்து மண்ணில் மட்டும் ஊறவிட்டு அட்டையில் ஒட்டுங்கள். மேற்பரப்பில் பசை படக்கூடாது. இலைமேல் வளரும் பொட்டு லைக்கன்களை, சோலைக்காட்டிலும் காப்பித் தோட்டத்திலும் பார்க்கலாம், இலையோடு பறித்துச் செய்தித்தாள் மடிப்பில் வைத்துவிடுங்கள்.

எவ்வளவு எடுப்பது? இலை வகையில் உள்ளங்கையில் பாதி, ஒட்டு வகையில் இரண்டு, மூன்று தீப்பெட்டி அட்டை அளவு. ஓரிடத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பாறை லைக்கன்களில் ஆண்டுக்கு 1 மி.மீ. கூட வளராதவை ஏராளம். ஒரு கையகல வட்டம் உங்களைவிட மூத்ததாக இருக்கலாம்.

பாலித்தீன் பையில் போட்டு வந்தேன். மூன்றாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது. ஏன்?
– வாசகி, வால்பாறை

பாலித்தீனில் போட்டதால்தான். லைக்கனில் இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பைக்குள்ளேயே வியர்த்து, வேறு பூஞ்சணங்களுக்கு விருந்தாகிவிட்டது. களத்திலேயே காகிதக் கவரில் போட்டுவிட வேண்டும். மழை நாளாக இருந்தால் கவருக்குள் ஒரு டிஷ்யூ சுற்றி, அன்றிரவே கவர்களைத் திறந்து செய்தித்தாள்மேல் பரப்புங்கள்.

மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் போதும். வால்பாறையின் தென்மேற்குப் பருவ மாதங்களில் ஐந்து நாள்கூட ஆகலாம். செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள். அடுப்பின் மேலோ கடும் வெயிலிலோ காயவைக்காதீர்கள், நிறம் வெளுத்து மடல்கள் சுருண்டுவிடும். இலை வகைகள் இன்னும் வளையும் பதத்தில் இருக்கும்போது இரண்டு செய்தித்தாளுக்கு இடையே வைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனத்தை மட்டும் ஏற்றலாம். செடிகளை அழுத்துவது போலப் பெல்ட் போட்டு இறுக்கினால் கிண்ணங்களும், மேற்பரப்பில் துருத்தி நிற்கும் சிறு மொட்டுகளும் நசுங்கிவிடும். ஒட்டு வகைகளுக்கு அழுத்தமே வேண்டாம்.

குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்? “கொடைக்கானல், மரத்தில்” என்று எழுதினால் போதாதா?
– ஆராய்ச்சி மாணவர், மதுரை

போதாது. கொடைக்கானல் என்றால் ஏரிக்கரையா, சோலையா, பைன் தோட்டமா? மரம் என்றால் எந்த மரம்? லைக்கனின் நிறமும் வடிவமும் பத்து ஆண்டு கழித்தும் கவரில் இருக்கும். அது எதன்மேல், எந்தப் பக்கம், எந்த நிழலில் இருந்தது என்பது அந்த இடத்தை விட்டு நீங்கள் நகர்ந்ததும் போய்விடும். ஆகவே எடுத்த இடத்திலேயே, கவரை மூடுவதற்கு முன்பே எழுதுங்கள். “மாலையில் விடுதிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்” என்று நினைப்பவர்கள் முப்பது கவரை முன்னால் வைத்துக்கொண்டு விழிப்பார்கள்.

முதலில் சேகரிப்பு எண். 1-இல் தொடங்கி ஆயுள் முழுக்க ஒரே வரிசை. ஆண்டு மாறினாலும், ஊர் மாறினாலும், வேலை மாறினாலும் மறுபடி 1-க்கு வரக்கூடாது. அதே எண்ணைக் கவர்மேலும், குறிப்பேட்டிலும், எடுக்கும் படத்துக்குள்ளும் போடுங்கள்.

பிறகு தேதி, மாவட்டம், வட்டம், இடம், அட்சரேகை–தீர்க்கரேகை, உயரம். ஆயத்தொலைவை டிகிரி தசமத்தில் ஐந்து இலக்கம் வரை குறியுங்கள். நான்காம் இலக்கம் சுமார் 11 மீட்டரைக் குறிக்கும், ஐந்தாவது சுமார் 1 மீட்டர். கைபேசி காட்டும் பிழை அளவையும் கூடவே எழுதுங்கள். அடர்ந்த சோலைக்குள் அது 20, 30 மீட்டராகக்கூட இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்தாம் இலக்கத்துக்கு அர்த்தமில்லை என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது பற்றுதளம். மரமென்றால் மரத்தின் பெயர் தேவை. தெரியாவிட்டால் ஓர் இலையையும் காயையும் பறித்து அதே எண்ணில் வையுங்கள். பட்டை வழவழப்பா, சொரசொரப்பா, செதிலாக உரிவதா என்று குறியுங்கள். நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவு, தரையிலிருந்து லைக்கன் இருந்த உயரம், எந்தத் திசை, வெயிலா நிழலா, தண்ணீர் வழியும் தடத்தில் இருந்ததா என்பவையும் வேண்டும். திசை பார்க்கும்போது சுத்தியலையும் உளியையும் தள்ளி வைத்துவிடுங்கள். இரும்பு அருகில் இருந்தால் திசைகாட்டி பொய் சொல்லும்.

பாறையென்றால் சுண்ணாம்பு உள்ளதா இல்லையா என்பதே முதல் கேள்வி. இரண்டிலும் வளரும் இனங்கள் வேறு வேறு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு, லைக்கன் இல்லாத இடத்தில் விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். அரியலூர்ப் பக்கத்துக் கல் நுரைக்கும், சேர்வராயன் மலைக் கல் நுரைக்காது. சிமென்ட் சுவரும் சாந்துப் பூச்சும் சுண்ணாம்புக் கணக்கில்தான் சேரும்.

மாதிரிக்கு ஒரு பதிவு:

“எண் 47. 12 ஜனவரி 2025. சேலம் மாவட்டம், ஏற்காடு வட்டம், சாலையோரக் காப்பித் தோட்டம். 11.78412 வடக்கு, 78.20873 கிழக்கு, பிழை 8 மீ. உயரம் சுமார் 1,450 மீ. சில்வர் ஓக், சுற்றளவு 112 செ.மீ., பட்டை நெடுக்கு வெடிப்புள்ளது. தரையிலிருந்து 1.4 மீ., வடகிழக்குப் பக்கம், அரை நிழல். இலை வகை. காய்ந்தபோது வெளிர் சாம்பல், நனைந்தபோது பச்சை. விளிம்பில் மாவுத்தூள். அடிப்பக்கம் கறுப்பு, விளிம்பருகே பழுப்பு. அதே மரத்தில் மிகுதி. அருகில் எழுத்து லைக்கன் ஒன்று, எண் 48.”

பெயர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். களத்தில் ஊகித்த பெயரை எழுதினாலும் கேள்விக்குறியோடு எழுதுங்கள். “மிகுதி”, “இரண்டு மட்டும்” என்ற சொற்கள் சின்னவைதாம், ஆனால் இருபது ஆண்டு கழித்து அதே தோட்டத்துக்குப் போகிறவருக்கு அவைதான் செய்தி.

கைபேசியில் ஒரு செயலி காட்டும் உயரமும் நிலப்படத்தில் உள்ள உயரமும் கிட்டத்தட்ட 90 மீட்டர் வேறுபடுகின்றன. கைபேசி பழுதா?
– வாசகர், கோத்தகிரி

பழுதில்லை. நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்து வரும் உயரத்தை. நிலப்படம் தருவது கடல்மட்டத்திலிருந்து உயரம். ஈர்ப்பு குறைவாக உள்ள தென்னிந்தியா, இலங்கைப் பகுதியில் கடல்மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்குக் கீழே 90 முதல் 100 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. ஆகவே திருத்தம் செய்யாத செயலி உண்மையைவிட அந்த அளவு குறைவாகக் காட்டும். சில செயலிகள் தாமே திருத்திவிடும், சில திருத்தாது. உயரம் தெரிந்த இரயில் நிலையப் பலகை ஒன்றருகே நின்று ஒருமுறை சரிபாருங்கள். கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று மஞ்சள் பலகையிலேயே எழுதியிருப்பார்கள். பிறகு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எந்தச் செயலி, எந்த வகை உயரம் என்று எழுதிவையுங்கள்.

படம் மட்டும் எடுத்தால் போதாதா? எதற்கு வெட்ட வேண்டும்?
– வாசகி, குன்னூர்

பெரிய இலை வகைகளில் சிலவற்றுக்குப் போதும். ஒட்டு வகைகளுக்குப் போதாது. எழுத்து லைக்கனான கிராஃபிஸில் வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றின் குறுக்குச் சுவர்களை எண்ணாமல் இனப்பெயர் சொல்ல முடியாது. அதைப் படத்திலிருந்து எண்ண எந்தக் கேமராவாலும் ஆகாது.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மூன்று படம் வேண்டும்: மரமும் இடமும் தெரிய ஒன்று, அளவுகோலும் எண்ணும் வைத்து ஒன்று, மிக நெருக்கத்தில் ஒன்று. காய்ந்த நிலையில் முதலில் எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்த பிறகு மறுபடி எடுங்கள். வரிசை மாறினால் காய்ந்த நிறம் அன்றைக்குக் கிடைக்காது.

கே, சி சோதனைகள் என்கிறார்களே, வீட்டில் செய்யலாமா?
– முதுகலை மாணவி, திருச்சி

செய்யலாம், கவனமாக. லைக்கன்கள் தமக்கே உரிய அமிலங்களைச் சேர்த்துவைக்கின்றன. சில வேதிக்கரைசல்கள் பட்டால் அவை நிறம் மாறும். கே, சி இரண்டையும் ஃபின்லாந்து லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர் 1866-இல் அறிமுகப்படுத்தினார். இன்றும் அதைவிட மலிவான சோதனை வரவில்லை.

கே என்பது 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தண்ணீரில் 10 கிராமைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்து, மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். கரையும்போது சூடேறும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குப்பியில் வையுங்கள், கண்ணாடிக் குப்பியின் கண்ணாடி மூடி ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் வரை தாங்கும்.

சி என்பது வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்சிங் திரவம், சோடியம் ஹைப்போகுளோரைட். திறந்து வைத்தால் விரைவில் வலுவிழக்கும். இதுதான் எல்லாரும் ஏமாறும் இடம். நிறம் வரவில்லையென்றால் லைக்கனில் அமிலம் இல்லையா, குப்பியில் வலு இல்லையா என்று தெரியாது. அதற்காகத் தெரிந்த மாதிரி ஒன்றை எப்போதும் கையில் வையுங்கள். தென்னிந்திய மலைகளில் தாராளமாகக் கிடைக்கும் பார்மோட்ரீமா டிங்க்டோரத்தின் உள்வெள்ளை சி பட்டதும் சிவக்கும். அது சிவக்காவிட்டால் குப்பியைக் கொட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள். இதைக் காடியுடனோ வேறு அமிலத்துடனோ சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

முழு மாதிரியின்மேல் சொட்டவிடாதீர்கள். 3 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி வெள்ளைத் தட்டில் வைத்து, பாதியில் மேல்தோலைப் பிளேடால் நீக்கி உள்வெள்ளையைத் திறவுங்கள். தோலுக்கும் உள்வெள்ளைக்கும் விடை வேறாக இருக்கும், இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பல்குத்தும் குச்சி நுனியால் ஒரு துளி தொட்டு, உடனே லென்ஸில் பாருங்கள். சி தரும் சிவப்பு சில நொடிகளில் மறைந்துவிடும். கே தரும் மஞ்சள் சில இனங்களில் ஒரு நிமிடம் கழித்துச் சிவப்பாக மாறும். இரண்டு நேரத்து நிறத்தையும் எழுதுங்கள். கே வைத்த இடத்திலேயே சி வைப்பது மூன்றாவது சோதனை. மாற்றமில்லை என்றால் “மாற்றமில்லை” என்று எழுதுங்கள். காலியாக விட்டால் சோதிக்கவில்லை என்றுதான் பொருள்.

நீலகிரி, கொடைக்கானல் மரக்கிளைகளில் ஆரஞ்சு மஞ்சளாகப் புதர் கட்டும் டீலோஸ்கிஸ்டிஸ் ஃபிளாவிகன்ஸில் கே வைத்தால் கத்தரிப்பூ நிறம் பளிச்சென்று வரும். முதன்முதலாகச் செய்பவர்களுக்கு அதைப் போல உற்சாகம் தருவது வேறில்லை.

பி என்றழைக்கப்படும் பாராபினிலீன்டைஅமீன் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். நச்சு, தோல் ஒவ்வாமை தரும், பட்ட இடமெல்லாம் கறையாகும். கல்லூரி ஆய்வகத்தில், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்) செய்யுங்கள்.

மளிகைக் கடைக் கல்பாசியும் லைக்கன் என்கிறார்கள். அதையே சேகரிப்பில் வைக்கலாமா?
– இல்லத்தரசி, காரைக்குடி

லைக்கன்தான். செட்டிநாட்டுக் குழம்பில் தாளிக்கும் கல்பாசியில் முதன்மையானது பார்மோட்ரீமா பெர்லாட்டம். பெயரில் கல் இருந்தாலும் மரப்பட்டையிலும் வளரும். கடைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் உஸ்னியாவும் வேறு சில இலை வகைகளும் கலந்திருக்கும். ஒரு பொட்டலத்தில் நான்கைந்து இனங்களைப் பிரிப்பது நல்ல பயிற்சி. கே சோதனைக்கும் ஏற்றது, மேல்தோல் மஞ்சளாகும். (சோதித்த துண்டு குப்பைக்குப் போகட்டும், அடுக்களைக்கு அல்ல.)

ஆனால் எங்கே, எந்த மரத்தில், எப்போது எடுத்தது என்று யாருக்கும் தெரியாததால் சேகரிப்பில் அதற்கு இடமில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் “கடையில் வாங்கியது” என்று ஊர், தேதியோடு எழுதி வையுங்கள்.

நான் இருப்பது கடற்கரை ஊர். மலைக்குப் போகாமல் எதுவும் கிடைக்காதா?
– பள்ளி ஆசிரியர், நாகப்பட்டினம்

மலைக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். ராக்செல்லா மான்டாக்னி. உப்புக்காற்று வரும் கரையோர மரங்களில் சாம்பல் நிற நாடா போலத் தொங்கும். சி வைத்தால் சிவக்கும். லிட்மஸ் சாயமும் ஆர்ச்சில் என்ற ஊதாச் சாயமும் இந்தக் குடும்பத்து லைக்கன்களிலிருந்துதான் எடுக்கப்பட்டன. கடலிலிருந்து எவ்வளவு தூரம், கடலைப் பார்த்த பக்கமா மறுபக்கமா என்பதை உங்கள் குறிப்பில் கூடுதலாகச் சேருங்கள்.

சமவெளியில் மாமரம், தென்னை, வேம்பு ஆகியவற்றின் அடிமரத்தைப் பாருங்கள். வாகனப் புகையையும் ஓரளவு தாங்கும் பிக்ஸின் கோகோயிஸ் வெளிர் சாம்பல் வட்டமாக ஒட்டியிருக்கும். கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை, 365 நானோமீட்டர் வகை, இருட்டில் அதன்மேல் அடித்தால் மஞ்சளாக ஒளிரும்.

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுமேல் லைக்கன் படர்ந்து எழுத்தை மறைக்கிறது. சுரண்டி எடுத்தால் சேகரிப்பும் ஆயிற்று, சுத்தமும் ஆயிற்று அல்லவா?
– வாசகர், புதுக்கோட்டை

தொடாதீர்கள். ஒட்டு வகையின் இழைகள் கல்லின் துகள்களுக்கு இடையே இறங்கியிருக்கும். சுரண்டினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து வரும். படம் எடுத்துத் தொல்லியல் துறையிடம் தெரிவியுங்கள். கோயில், நடுகல், பெருங்கற்காலச் சின்னம் எதிலும் உளி வைப்பது சேகரிப்பு அல்ல.

அனுமதி வாங்க வேண்டுமா?
– இயற்கை ஆர்வலர், கொடைக்கானல்

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி 2013-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது என்பதை மறக்க வேண்டாம். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி. தனியார் தோட்டமென்றால் உரிமையாளரிடம் கேட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள். அனுமதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், பின்னால் கட்டுரை வெளியிடும்போது கேட்பார்கள். வெளிநாட்டு ஆய்வாளருக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முதலில் கேளுங்கள்.

இரண்டு ஆண்டுக்கு முன் சேர்த்தவை பொடியாக உதிர்ந்து கிடக்கின்றன. பாச்சா உருண்டை போட்டும் பயனில்லை. எப்படி வைப்பது, யாரிடம் காட்டுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பொடி செய்தது புத்தகப் பேனாக இருக்கும். பாச்சா உருண்டைக்கு அது அவ்வளவாக அஞ்சாது. அந்த நெடியை நீங்கள்தான் சுவாசிக்கிறீர்கள். குளிர்தான் மருந்து. நன்றாகக் காய்ந்த கவர்களைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 18 முதல் 20 டிகிரியில் ஒரு வாரம் ஃபிரீஸரில் வையுங்கள். பாலித்தீன் உதவும் ஒரே கட்டம் இது. வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டால் நீர்த்திவலை பையின் வெளிப்புறத்தில் படிந்து காய்ந்துவிடும், உடனே பிரித்தால் மாதிரியின்மேல் படியும். ஆண்டுக்கொருமுறை இதைச் செய்யுங்கள். புதிதாகச் சேர்ப்பது எதையும் இப்படிக் குளிரவைக்காமல் பழையவற்றோடு சேர்க்காதீர்கள்.

நிரந்தரக் கவரை நீங்களே மடிக்கலாம். அமிலமற்ற ஏ4 தாளை நெடுக்காக வைத்து, கீழ் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே மடியுங்கள். இரு பக்கமும் 3 செ.மீ. பின்னோக்கி மடியுங்கள். மேலே மீந்த பகுதியை முன்புறம் கவிழ்த்தால் 15-க்கு 10 செ.மீ. கவர். பெயர்ச்சீட்டு அந்தக் கவிழ்ப்பின்மேல். பட்டைச் சீவலையும் கல் சில்லையும் முதலில் அட்டையில் ஒட்டி, பிறகு கவருக்குள் வையுங்கள், உரசி உதிராது. கவர்களைப் படுக்கவைத்து அடுக்காமல், காலணிப் பெட்டியில் அட்டவணைச் சீட்டு போல நிறுத்திவையுங்கள்.

இந்திய லைக்கன் இயலின் முன்னோடியான டி.டி. அவஸ்தி (1922–2011) இலை, புதர் வகைகளுக்கு 1988-இலும் ஒட்டு வகைகளுக்கு 1991-இலும் இனங்காணும் திறவுகோல்களை வெளியிட்டார். பின்னது இலங்கையையும் சேர்த்தது. பெயர்கள் பல மாறிவிட்டாலும் தொடங்குவதற்கு இன்றும் அவைதான். நாட்டின் பெரிய லைக்கன் சேகரம் லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளது. புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் உண்டு. பக்கத்தில் வேண்டுமென்றால் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம். மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று பெயர், இருப்பது கோயம்புத்தூரில்.

பார்சலை முதலில் அனுப்பிவிடாதீர்கள். குறிப்பேட்டுப் பக்கத்தின் படியையும் படங்களையும் அனுப்பிக் கேளுங்கள். எடுக்கும்போதே இரண்டு துண்டாக எடுத்திருந்தால், ஒன்று அவர்களுக்கு, அதே எண்ணிட்ட மற்றொன்று உங்கள் பெட்டியில். பெயர் எழுதி அனுப்பும் சீட்டு வந்ததும் பழைய சீட்டைக் கிழிக்காமல் அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.